உள்ளே பிரியாத பிரதி

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து மழை. கூரைத் தகரத்தில் யாரோ கல் எறிவது போல. குடை முறிந்தது. வத்தேகம பஸ்ஸில் கண்டக்டரும் ஒரு குடிகாரனும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். யாருடைய முழங்கையோ என் தாடையில். பதிலுக்கு நானும் ஒரு இடி. யார் மேல் விழுந்தது என்று தெரியாது. மனம் கொஞ்சம் லேசானது.

வாங்க: குடை, பாண், பருப்பு, கதவுக்கு உள்தாழ்ப்பாள்.

வேலை. வதனி அக்காவின் நிலையத்துக்கான மென்பொருள். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு வழக்குப் பேசி, முடியாத கட்டத்தில் ஒளித்துவைக்க ஒரு வீடும் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் கட்டில்கள் குறைவு. ஒன்று காலியானால் யார் முதலில் போவது என்று கணினி வரிசை போட்டுத் தரவேண்டுமாம்.

எண்களைக் கொடுத்தால் கணினி தானே வரிசைப்படுத்தும். பெயர்களைக் கொடுத்தாலும் செய்யும். நாமாக உருவாக்கிய ஆப்ஜெக்டை, அதாவது பல விவரம் சேர்ந்த ஒரு கோப்பைக் கொடுத்தால் முகத்தில் அடித்தாற்போல் பிழை காட்டும். இவற்றை எப்படி ஒப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்கிறது. சொல்லவேண்டியவள் நான். இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் எது முன், எது பின் என்று விடை தரும் ஒரு சின்ன முறை. முன்னென்றால் மைனஸ், சமமென்றால் பூச்சியம், பின்னென்றால் பிளஸ். கோப்பு ஒவ்வொன்றும் அடி வாங்கிய ஒருத்தி.

எலும்பு முறிந்ததை எல்லாவற்றுக்கும் மேலே போட்டிருந்தேன். வ. அக்கா யாழ்ப்பாணத்து வக்கீல், சத்தம் போடமாட்டார். திரையைப் பார்த்துவிட்டு, “இதை மாத்துங்கோ நிரோ. கழுத்தை நெரிச்சதை மேல போடுங்கோ” என்றார்.

“எலும்பு முறிவை விடவா?”

“ஓம். கழுத்தில கை வச்சவன் ஒருக்காலோட நிப்பாட்டமாட்டான். நான் பாத்த சாவெல்லாம் அப்பிடித்தான் தொடங்கினது.”

மாற்றினேன். கழுத்து. பிறகு கத்தி, மண்ணெண்ணெய். பிறகு வயிற்றில் பிள்ளை. எலும்பு அதற்கும் கீழே. தட்டச்சு செய்யும்போது விசைகளைக் குத்தியிருக்கிறேன் போல. இர்பான் நானா (முதலாளி, இந்த அலுவலகத்தில் மொத்தமே நாங்கள் இருவர்) எட்டிப் பார்த்து, “கீபோட் என்ன பாவம் செஞ்சிச்சி புள்ள?” என்றார்.

மாலை. பக்கத்து அறையில் மறுபடி. செல்வி, மடுல்கெல்ல தோட்டத்துப் பிள்ளை. புருஷன் ரஜன் வத்தேகம சந்தையில் மூட்டை தூக்குகிறவன். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். முதலில் கதிரை விழுந்தது. பிறகு சதையில் விழும் சத்தம். பிறகு அவள். “அடிக்காதீங்க... அடிக்காதீங்க...” கத்தல் இல்லை, அழுகையும் இல்லை. கேட்கமாட்டார் என்று தெரிந்தும் ஒருவரிடம் சொல்லும் குரல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உலக்கையால் சுவரை இடித்தேன். பலகை விரிசல் விட்டது.

“உன் வேலயப் பாருடி!”

“வெளிய வாடா!”

வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது.


ஜூன் 10, செவ்வாய். போயா

பௌர்ணமி லீவு. விகாரை ஸ்பீக்கர். ரோட்டில் தன்சல், சோறு கொடுக்கிறார்கள், கியூவில் இரண்டு பேர் முட்டி மோதி ஒருவனுக்கு மூக்கில் ரத்தம். ரஜனும் அந்தக் கியூவில்தான். அதனால் செல்வி தனியாகக் குழாயடிக்கு வந்தாள். இந்த வெயிலில் கழுத்தில் துவாய்.

“கழுத்துல என்ன?”

“கொசு கடிச்சதுக்கா.”

“கொசுவுக்குக் கட்டைவிரல் இருக்கா?”

சிரித்தாள். சிரிப்பு தொண்டையில் சிக்கி இருமலானது. குரல் கிழிந்து போயிருந்தது. துவாயை நானே இழுத்தேன். இரண்டு பக்கமும் ஊதாத் தடம்.

“நெரிச்சானா?”

“கொஞ்ச நேரந்தான்க்கா. நான்தான் வாய் குடுத்தேன்.”

கையிலகப்பட்ட அவளுடைய வாளியை எறிந்தேன். சுவரில் பட்டு உடைந்தது. செல்வி பின்வாங்கி நின்றாள். அவளோடு கோபமில்லை என்று சொன்னேன். தலையாட்டினாள்.

முன்பு ஒரு தடவை பொலிஸ் மூலம் இருவரையும் வ. அக்காவின் நிலையத்துக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்களாம். “அவரு அங்க நல்லபடியாத்தான் பேசினாரு. வீட்டுக்கு வந்து அதுக்கும் சேத்து அடிச்சாரு.” ஆகவே குடும்பக் கோப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

வ. அக்காவுக்கு ஃபோன். கழுத்து என்றதும் அக்கா உடனே கட்டில் பதிவைப் புரட்டினார். “வியாழக்கிழமை ஒரு கட்டில் காலியாகுது. வருவாவோ எண்டு கேளுங்கோ.”

கேட்டேன். செல்வி நெடுநேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு, “அவருக்குத் தெரியாம இருக்குமாக்கா?” என்றாள்.

“அவனுக்குத் தெரியவராது. நான் இருக்கேன்.”

பிறகு அறையில் வெங்காயம் வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டேன். அப்பாவின் ஞாபகம். பெல்ட், கதவு, அம்மா. நான் தட்டு உடைக்கும்போதெல்லாம் அம்மா சொல்வாள், ஒனக்கும் ஒங்க அப்பன் கைதான் என்று. அப்பா செத்தபோது நான் அழவில்லை.


ஜூன் 11, புதன்

மழை இல்லை. குரங்குகள் அலுவலகக் கூரையில் குட்டி ஒன்றைக் கடித்துக் குதறின. ஜன்னலைத் தட்டியும் போகவில்லை.

காலை டெஸ்ட்டில் முதல் பிழை. நானாதான் பிடித்தார். “புள்ள, பத்துப் பேரப் போட்டேன். ஒம்பது பேர்தான் ஈக்கி. ஒராளு எங்க?” பார்த்தால், இரண்டு பெண்களுக்கு எல்லாக் காயமும் ஒரே மாதிரி. என் முறை பூச்சியம் என்று விடை கொடுத்திருக்கிறது. சமம் என்று சொன்னால் இந்தப் பட்டியல் இரண்டும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. மற்றவளைச் சத்தமில்லாமல் கீழே விழுத்திவிடுகிறது. மேசையில் குத்தினேன், பிளேன்டீ கொட்டியது. சமமாக வந்தால் யார் முதலில் வந்தாரோ அவர் முன்னால் என்று திருத்தியாயிற்று. பத்துப் பேரும் வந்துவிட்டார்கள்.

நல்ல டெஸ்ட்டர் நானா. அவரிடம் சொல்லவில்லை.

மதியம், கோப்புப் பிரித்தல். பெண் பாதுகாப்பு வீட்டுக்குப் போகும்போது குடும்பக் கோப்பைப் பிரதி எடுக்கவேண்டும். பிரதி மனைவிக்கு. மூலம் புருஷனின் பெயரில் இருக்கும், ஏனென்றால் அவனைத் தொடர்ந்து விசாரணைக்குக் கூப்பிடவேண்டும். வெள்ளிதோறும் காலையில் அவனுக்குத் தானாகவே குறுஞ்செய்தி போகும். திங்கள் வரவும், பதிவிலுள்ள உங்கள் முகவரி இது, பிழையென்றால் அறிவிக்கவும் என்று. ஆட்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பதால் வ. அக்கா கேட்டு வைத்தது.

பிரதி எடுக்கும் முறைக்கு ஒரே வரி. மொழியே தருகிறது, குளோன் என்று கூப்பிட்டால் போதும். பிரதியில் பெயரை மாற்றினேன். மூலத்தில் மாறவில்லை. தொலைபேசி எண்ணை மாற்றினேன். மாறவில்லை. சரி.

“உள்ளுக்குள்ள ஈக்கிறதெல்லாம் பிரிஞ்சிடுதா புள்ள?”

“பிரியும் நானா. சும்மா நச்சரிக்காதீங்க.”

வியாழனுக்கு முன் முடியவேண்டும் என்ற அவசரம். முடித்துக் கொடுத்தாயிற்று.

வாங்க: வாளி (செல்வியுடையது).


ஜூன் 12, வியாழன்

நேற்றுச் செல்வியின் விவரத்தை ஏற்றியதும் அவள் பட்டியலில் எல்லோருக்கும் மேலே வந்து நின்றாள். நான் எழுதிய முறை சரியாக வேலை செய்கிறது. திரையை மூடிவிட்டேன்.

ரஜன் சந்தைக்குப் போனதும் கிளம்பினோம். ஒரு பை. இரண்டு சட்டை, ஐடென்டிட்டி காட், அம்மா படம். பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்து, “அடுப்பில பருப்பு இருக்குக்கா, கெட்டுப் போயிரும்” என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் த்ரீவீலில் ஏற்றினேன். பல்லேகல பக்கம், ஒரு சந்துக்குள், சாதாரண வீடு. முன்னால் கொய்யா மரம், பின்னால் விறகு அடுக்கு. உள்ளே மற்ற மூன்று பெண்கள். யாரும் பெயர் கேட்கவில்லை. வ. அக்கா அங்கேயே மடிக்கணினியில் கோப்பைப் பிரித்து, செல்வியின் கோப்பில் புது முகவரியைப் பதிந்தார். என் கண் முன்னால். பெருமையாகக்கூட இருந்தது.

செல்வி கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்தாள். “இங்க கதவ உள்ளுக்குள்ளருந்து பூட்டலாமாக்கா?” பூட்டலாம். மூன்று தடவை பூட்டித் திறந்து பார்த்தாள்.

மாலை. ரஜன் வந்தான். பாத்திரம் எல்லாம் பறக்கும் சத்தம். பிறகு என் கதவு.

“எங்கடி வச்சிருக்க அவள?”

உதை. மறுபடி உதை. திங்கட்கிழமை வாங்கிய உள்தாழ்ப்பாள் ஒரு ஆணி கழன்று தொங்கியது. கதவுக்கு இந்தப் பக்கம் நான், உலக்கையோடு. வா, வா, வா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்ததா என்று கேட்டால் இல்லை. கையெல்லாம் தினவு. வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டு அவனை இழுத்துப் போனார்.

ஆணி நாளை அடிக்கவேண்டும்.


ஜூன் 13, வெள்ளி

பஸ்ஸில் எழுதுகிறேன். மூட்டம், மழை இல்லை.

காலையில் வாசற்படியில் ரஜன். குளித்துத் தலை வாரியிருந்தான். ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, “போய்ட்டு வாங்கக்கா” என்றான். நேற்றுக் கதவை உதைத்த அதே ஆள். கக்கத்தில் பத்திரிகையில் சுற்றிய ஏதோ. சந்தைப் பக்கம் போகாமல் பஸ் நிறுத்தத்துக்குப் போய் எனக்கு முந்திய பஸ்ஸில் ஏறினான். வேலையை விட்டுக் குடிக்கப் போகிறான் என்று நினைக்கிறேன். தொலையட்டும்.

இன்று: ஆணி, செல்விக்கு ஃபோன் காட், நானாவிடம் நாளை லீவு கேட்க.


ஜூன் 14, சனி

நேற்று அதற்குப் பிறகு எழுதவில்லை. இப்போதும் பேனா நேராக நிற்கவில்லை. வலது கை வீங்கியிருக்கிறது.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நானா டெஸ்ட் ஃபோனைக் காட்டினார். போகும் குறுஞ்செய்தி ஒவ்வொன்றின் பிரதியும் அதற்கு வரும். “புள்ள, இந்த ரஜன் எண்ட ஆளு வத்தேகமயில தானே? மெசேஜ்ல பல்லேகல அட்ரஸ் ஒண்டு ஈக்கே?”

வாசித்தேன். பதிவிலுள்ள உங்கள் முகவரி. வீட்டு இலக்கம், சந்துப் பெயர், எல்லாம்.

அந்தக் கணமே விளங்கிவிட்டது. அந்த ஒரு வரி கோப்பின் மேலுறையை மட்டும்தான் இரண்டாக்கியது. பெயரும் எண்ணும் தனித்தனி, அதைத்தான் நான் டெஸ்ட் செய்தேன். முகவரி கோப்புக்குள் இருக்கும் இன்னொரு ஆப்ஜெக்ட். அதை யாரும் பிரதி எடுக்கவில்லை. இரண்டு கோப்பும் ஒரே முகவரியைத்தான் வைத்திருந்தன. செல்வியின் கோப்பில் வ. அக்கா புது முகவரியைப் பதிந்தபோது ரஜனின் கோப்பிலும் அதுவே ஏறிவிட்டது. வெள்ளி காலை என் மென்பொருள் அதைப் பணிவாக அவனுக்கு அனுப்பி, பிழையென்றால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறது.

வ. அக்கா கோர்ட்டில், ஃபோன் ஓஃப். நானா பொலிசைக் கூப்பிட்டார். நான் இறங்கி ஓடினேன். த்ரீவீல்காரனிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை, தென்னக்கும்புர பாலத்தில் வாகனம் நின்றபோது அவனுடைய முதுகில் குத்தியிருக்கிறேன். “அனே நோனா, மம மொகத கரன்னே” என்றான் அவன் சிங்களத்தில். நான் என்ன செய்ய என்று கேட்டிருக்கிறான். பாவம்தான்.

சந்து தெரியாமல் ரஜன் சுற்றித் திரிந்திருக்கிறான், அதுதான் எங்களுக்குக் கிடைத்த நேரம். நான் போனபோது முன்கதவு பிளந்து கிடந்தது. உள்ளே பெண்கள் கத்தும் சத்தம். கொல்லையில் ரஜன், கையில் மன்னாக் கத்தி, பத்திரிகைத் துண்டு இன்னும் அதன் பிடியில் ஒட்டியிருந்தது. செல்வி விறகு அடுக்கோடு சாய்ந்து கையைக் குறுக்கே நீட்டியிருந்தாள். வெட்டு கையில் விழுந்தது. ரத்தம் கொட்டியது, முழங்கையிலிருந்து பாவாடைக்கு. “ஓடிப்போவியா? ஓடிப்போவியா?” என்று ஒவ்வொரு வீச்சுக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவினேன். கோப்பி மரம், நல்ல பாரம். பின்னாலிருந்து தோளில். கத்தி விழுந்தது. அவன் திரும்பினான், அடுத்த அடி முகத்தில். தாடை விட்டுக்கொடுத்தது கைக்குத் தெரிந்தது. விழுந்தான். அத்தோடு முடிந்திருக்கவேண்டும்.

முடிக்கவில்லை. விலாவில். முதுகில். தலையை மூடிய விரல்களில். பல் ஒன்று கால் பக்கம் வந்து விழுந்தது. அவன் அழுதான், “அக்கா, அக்கா” என்றான், நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அடியிலும் உடம்புக்குள் ஏதோ இளகிக்கொண்டு போனது. இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்பதால் இங்கே எழுதுகிறேன். சுகமாக இருந்தது.

“போதும்க்கா! செத்துருவாரு! போதும்!” செல்வி. எத்தனை தடவை சொன்னாளோ. பொலிஸ்காரர்தான் கட்டையைப் பிடுங்கினார். மற்ற மூன்று பெண்களும் சமையலறைச் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ரஜனை அல்ல.


ஜூன் 15, ஞாயிறு

மழை. பொலிஸில் வாக்குமூலம். ரஜன் உயிரோடு இருக்கிறான், ஆஸ்பத்திரியில், காவலோடு. தாடை, மூன்று விலா. செல்விக்குக் கையில் தையல், நரம்பு தப்பியதாம்.

வ. அக்காவிடம் எல்லாம் சொன்னேன். பிழை நான் எழுதிய மென்பொருளில் என்று. பிறகு, “உங்கட பிழையால அவன் வந்தவன். உங்கட கையால அவள் உயிரோட இருக்கிறாள். ரெண்டையும் என்னண்டு கூட்டிக் கழிக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மற்றப் பிள்ளையள் ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளேல்லை நிரோ. அவனை நினைச்சு இல்லை.”

எதை நினைத்து என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து சுவரில் குத்தினேன், வீங்கிய கையாலேயே.


ஜூன் 16, திங்கள்

வேலைக்குப் போனேன். நானா பிளேன்டீயைக் கொண்டுவந்து இடது கைப் பக்கம் வைத்தார்.

பிரதி முறையைத் திருத்தினேன். கோப்பைப் பிரதி எடு, அதற்குள் போய் முகவரியையும் தனியாகப் பிரதி எடு, முகவரிக்குள் ஏதாவது இருந்தால் அதையும். மொத்தமே இன்னும் சில வரிகள். ஒரு வெற்றிலை போடும் நேரத்து வேலை. பிரதியில் முகவரியை மாற்றிப் பார்த்தேன். மூலம் அசையவில்லை. குறுஞ்செய்தியில் முகவரியே வரக்கூடாது என்று அந்த வரியையும் வெட்டி எறிந்தேன். நானா எல்லாக் கோப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

“இப்ப உள்ளுக்குள்ளயும் பிரிஞ்சிதான் ஈக்கி.”

“சரி நானா.”

“நீங்க வீட்டுக்குப் போங்க புள்ள.”

வீட்டுக்குப் போகவில்லை. பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரி. இடியப்பம், சொதி, புது வாளி. வாளியை ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை, வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். செல்வி ஜன்னலோரக் கட்டிலில். முகம் தேறியிருந்தது. கழுத்துத் தடம் மஞ்சளாகிவிட்டது. கட்டிலடியில் அவளுடைய பை, கட்டிய நிலையில். நாளை வேறிடத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம். எங்கே என்று வ. அக்கா எனக்குச் சொல்லவில்லை.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்க்கா.”

“வலிக்குதா?”

“இல்லக்கா.”

எல்லாவற்றுக்கும் உடனே பதில். கண்கள் என் கையிலேயே. முடி ஒன்று கண்ணில் விழுந்து கிடந்தது, அவளுக்கு எடுத்துவிடக் கை இல்லை. ஒரு கையில் தையல், ஒரு கையில் சேலைன். ஒதுக்கிவிடலாம் என்று கையை உயர்த்தினேன்.

தையல் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அடிக்காதீங்க” என்றாள். கத்தல் இல்லை, அழுகையும் இல்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்குமே, அதே குரல்.